ராத்திரி பதினொரு மணிக்கு முகம் தெரிய வேண்டும்: வீட்டுக் கேமராவை எங்கே, எப்படி மாட்டுவது

காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் 14 வருடமாகக் கேமரா மாட்டுகிறேன். முதல் மூன்று வருடம் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். காலையில் ஏணியோடு போவேன், மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாலு கேமராவையும் மாட்டுவேன், டிவியில் படம் வந்ததும் வீட்டுக்காரருக்குக் காட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு கிளம்புவேன். படம் பளிச்சென்று இருக்கும். நல்ல வெயிலில் எந்தக் கேமராவைக் காட்டினாலும் படம் பளிச்சென்றுதான் இருக்கும்.

அப்படி மாட்டிய வீடுகளில் ஒன்று ஒரு ஆச்சியுடையது. பிள்ளைகள் சிங்கப்பூரில். முகப்பு ஒரு தெருவில், கொல்லை வாசல் அடுத்த தெருவில் என்று நீளமான பழைய வீடு. அதில் அவர் மட்டும்தான். ஒரு நாள் ராத்திரி கொல்லைச் சுவரேறிக் குதித்து, இரண்டு பித்தளை அண்டாவையும் தண்ணீர் மோட்டாரையும் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். காலையில் போய் ரெக்கார்டிங்கை ஓட்டினேன். 2 மணி 40 நிமிடம். படத்தின் இடது பாதி முழுக்கச் சுவர், டியூப் லைட்டைப் போல வெள்ளையாக எரிகிறது. வலது பாதியில் கரிய நிழல் ஒன்று போகிறது, திரும்பி வருகிறது. ஆள் வந்தது தெரிந்தது. யார் என்பதற்கு ஒரு துப்பும் இல்லை.

ஆச்சி திட்டவில்லை. "பகல்ல யாரு தம்பி வரப்போறா? ராத்திரிக்குத்தானே இத மாட்டச் சொன்னேன்" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து ராத்திரியில் ஒரு தடவை வந்து பார்க்காமல் எந்த வீட்டிலும் கடைசிக் காசு வாங்குவதில்லை. கீழே எழுதுவதெல்லாம் அந்த ராத்திரி நடைகளில் கற்றுக்கொண்டது. நீங்களே மாட்டினாலும் சரி, ஆள் வைத்து மாட்டினாலும் சரி, இதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில், இருட்டில் கேமரா எதை வைத்துப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். லென்ஸுக்கும், படத்தைப் பிடிக்கும் சென்சாருக்கும் நடுவே சின்ன வடிகட்டிக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. பகலில் அது அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும். தடுத்தால்தான் நிறங்கள் சரியாக வரும். இருட்டியதும் அது நகர்ந்து வழிவிடும். பக்கத்தில் நின்றால் 'டிக்' என்று சத்தம் கேட்கும். அப்புறம் லென்ஸைச் சுற்றியுள்ள ஐ.ஆர். விளக்குகள், அதாவது அகச்சிவப்பு விளக்குகள், எரியத் தொடங்கும், படம் கறுப்பு வெள்ளைக்கு மாறும். நம் கண்ணுக்கு அந்த வெளிச்சம் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஆக, ராத்திரிக் கேமரா என்பது கையில் டார்ச் வைத்துக்கொண்டு பார்க்கிற காவல்காரர். அந்த டார்ச் எங்கே விழுகிறது என்பதைப் பார்த்து மாட்டினாலே பாதி வேலை முடிந்தது.

ஐ.ஆர். விளக்கில் 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர் என்று இரண்டு வகை உண்டு. 850-இல் விளக்கு மங்கலான சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். 940-இல் ஒன்றுமே தெரியாது, ஆனால் சென்சாருக்கு அந்த ஒளி அவ்வளவாக எட்டாது, தூரம் குறைந்துவிடும். வீட்டுக்கு 850 போதும். சிவப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டுத் திருடன் அப்படியே திரும்பிப் போனால் நமக்கு நல்லதுதானே.

ஆச்சி வீட்டில் நடந்ததற்கு வருகிறேன். பின்கட்டுத் தாழ்வாரத்தின் மூலையில், சுவரை ஒட்டிக் கேமராவை மாட்டியிருந்தேன். பழைய செட்டிநாட்டு வீடுகளில் முட்டைப் பூச்சு பூசிய சுவர்கள் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைக் கண்ணாடி மாதிரி வழவழவென்று மின்னும். ஐ.ஆர். வெளிச்சம் பக்கத்துச் சுவரில் பட்டு அப்படியே லென்ஸுக்குள் திரும்பியது. 'ஆஹா, நிறைய வெளிச்சம் இருக்கிறது' என்று கேமரா தன் கண்ணைச் சுருக்கிக்கொண்டது. தூரத்தில் இருந்ததெல்லாம் இருட்டாகிவிட்டது. முட்டைப் பூச்சுதான் வேண்டும் என்றில்லை. சாதாரண வெள்ளை டிஸ்டெம்பர் அடித்த சுவர், சன்ஷேடின் அடிப்பக்கம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர்க் குழாய், பளபளக்கும் ஆத்தங்குடிக் கல் தரை என்று எது பக்கத்தில் இருந்தாலும் இதேதான் நடக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இருட்டியபின் செல்போன் டார்ச்சைப் போட்டு, கேமரா மாட்டப்போகும் இடத்தில், லென்ஸ் இருக்கப்போகும் உயரத்தில் வைத்துப் பிடியுங்கள். பக்கத்தில் எது பளிச்சென்று தெரிகிறதோ, அதுதான் ராத்திரியில் படத்தைக் கெடுக்கப் போகிறது. சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளுங்கள், அல்லது சுவர் படத்துக்குள் வராத மாதிரி கேமராவைத் திருப்புங்கள். சன்ஷேடுக்கு அடியில் மாட்டினால் உள்ளே தள்ளி மாட்டாமல் அதன் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள். மரத்தூணில் மாட்ட வேண்டி வந்தால் ஓட்டை போடாதீர்கள். இரும்புப் பட்டை வைத்து இறுக்குங்கள். இன்னொரு பர்மாத் தேக்குத் தூணுக்கு எங்கே போவது?

இதே காரணத்தால், ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே கேமராவை வைத்துத் தெருவைப் பார்க்கலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். பகலில் நன்றாக வரும். ராத்திரி கண்ணாடியில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து, கேமரா தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். கொசுவலையும் அப்படித்தான். வெளியே வைக்க முடியாத வாடகை வீடு என்றால், அந்தக் கேமராவின் ஐ.ஆர். விளக்கைச் செட்டிங்கில் அணைத்துவிட்டு, வெளியே வாசலில் ஒரு பல்பை எரிய விடுங்கள்.

அரைவட்டக் கண்ணாடி மூடி போட்ட டோம் கேமராவை வெளியில் மாட்டச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறது என்று. வீட்டுக்குள் மாட்டுங்கள், தாராளமாக. வெளியில் அதன் மூடியில் தூசியும் மழைத்துளியும் படிந்தால் ஐ.ஆர். வெளிச்சம் மூடிக்குள்ளேயே சிதறிப் படம் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிடும். வெளியில், குழாய் மாதிரி நீளமாக இருக்கும் புல்லட் கேமராவே நல்லது.

அடுத்தது தூரம். இதில்தான் ஏமாறாதவர்கள் குறைவு. பெட்டியில் 'ஐ.ஆர். 30 மீட்டர்' என்று போட்டிருக்கும். 30 மீட்டரில் ஏதோ ஒன்று அசைவது தெரியும் என்பதுதான் அதன் அர்த்தம். 10 அடியில் விழும் வெளிச்சத்தில் கால் பங்குதான் 20 அடியில் விழும். வெளிச்சம் போனால் முகமும் போயிற்று.

லென்ஸும் பார்க்க வேண்டும். தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் சொல்ல, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்ஸலாவது, அதாவது படப் புள்ளியாவது, வேண்டும் என்பது இந்தத் தொழிலில் வைத்திருக்கும் கணக்கு. 2 மெகாபிக்ஸல் கேமராவில் குறுக்கே 1920 பிக்ஸல் இருக்கிறது. 2.8 மி.மீ. லென்ஸ் போட்டால் முற்றம் முழுக்கத் தெரியும், ஆனால் முகம் தெரிவது சுமார் 10 அடி வரைக்கும்தான். 4 மி.மீ. என்றால் 15 அடி. 6 மி.மீ. என்றால் 26 அடி வரை கிடைக்கும், பார்வை குறுகிவிடும். கடைக்காரர் கேட்காமலே 2.8 எடுத்துக் கொடுப்பார், எல்லாவற்றுக்கும் அதுதான் என்று. நாலும் 2.8 வாங்காதீர்கள். முழு இடத்தையும் பார்க்க ஒன்றோ இரண்டோ 2.8, ஆள் கண்டிப்பாகக் கடந்துபோகும் இடத்துக்கு ஒரு 4 அல்லது 6 என்று கலந்து வாங்குங்கள்.

அந்த 'கண்டிப்பாகக் கடந்துபோகும் இடம்' எது என்று யோசிக்க அரை மணி நேரம் செலவழித்தால் ஒரு கேமராவின் விலை மிச்சமாகும். வீட்டைச் சுற்றி ஒரு தடவை திருடன் மாதிரி நடந்து பாருங்கள். கொல்லைச் சுவர் 60 அடி நீளம் இருக்கும், எங்கே வேண்டுமானாலும் ஏறலாம். ஆனால் ஏறிக் குதித்தவன் பின்வாசலுக்குக் கிணற்றடி வழியாகத்தான் வர முடியும் என்றால், கேமரா பார்க்க வேண்டியது கிணற்றடியை. முன்பக்கம் கேட் தாழ்ப்பாள். தாழ்ப்பாளைத் திறக்க எவரும் ஒரு விநாடி நிற்பார்கள், அந்த ஒரு விநாடி முகம் அசையாமல் கிடைக்கும். கோலம் போடும் இடமும் படத்துக்குள் வரட்டும். விடியுமுன் இருட்டில் வாசல் தெளிக்க வரும் பெண்கள் தனியாக நிற்கும் நேரம் அது. சங்கிலி பறிப்பு நடக்கிற நேரமும் அதுதான்.

உயரம் 8 அடி, போனால் 9. உயரமாக மாட்டினால் யாரும் உடைக்க மாட்டார்கள் என்று 15 அடியில் மாட்டச் சொல்வார்கள். அங்கிருந்து தலைமுடியும் தோளும்தான் தெரியும். தொப்பி போட்டிருந்தால் தொப்பி மட்டும். கைக்கெட்டும் உயரம் பயமாக இருந்தால், ஒரு கேமராவை இன்னொரு கேமரா பார்க்கிற மாதிரி மாட்டுங்கள்.

இப்போது செட்டிங். படத்தைப் பதியும் பெட்டியான டி.வி.ஆரின் மெனுவில் முதலில் பார்க்க வேண்டியது 50 ஹெர்ட்ஸ். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில கேமராக்கள் 60-இல் வைத்து வரும், அப்படியே விட்டால் தெருவிளக்கு வெளிச்சத்தில் படத்தில் கோடு கோடாக ஓடும். அடுத்தது ஷட்டர். தானாக விட்டால், இருட்டில் கேமரா ஷட்டரை நிதானமாகத் திறந்து மூடும். படம் வெளிச்சமாகத் தெரியும், நாமும் மகிழ்ந்துபோவோம். ஆனால் நடக்கிற ஆள் புகையாகிவிடுவான். ஒருவர் விநாடிக்கு ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நடப்பார். ஷட்டர் 1/12 விநாடியில் இருந்தால் அந்த நேரத்துக்குள் அவர் முகம் 11 செ.மீ. நகர்ந்திருக்கும், கிட்டத்தட்ட ஒரு முகத்தின் அகலம். 1/50-இல் 3 செ.மீ.கூட வராது. அதனால் 1/50-ஐ விட மெதுவாகப் போகவிடாதீர்கள். படம் இருட்டாகிறதா? வெளிச்சத்தைக் கூட்டுங்கள், ஷட்டரைக் குறைக்காதீர்கள்.

வெளிச்சத்தைக் கூட்டுவது பெரிய செலவில்லை. 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று ராத்திரி முழுக்க எரிந்தாலும் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். பல்பு கேமராவுக்குப் பின்னாலோ மேலேயோ இருக்க வேண்டும். படத்துக்குள் பல்பு தெரிந்தால் கேமரா மறுபடியும் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். ராத்திரியிலும் கலரில் காட்டும் கேமராக்கள் இப்போது வருகின்றன. அவை வெள்ளை விளக்கை எரியவிட்டுத்தான் கலர் காட்டுகின்றன. முன்வாசலுக்கு நான் அதைத்தான் சொல்வேன், ஏன் என்றால் கலர் ஒரு சாட்சி.

இதை ஒரு வேலையில் கற்றேன். ஒரு தெருவில் பைக் காணாமல் போனது. ஐ.ஆர். படத்தில் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் தள்ளிக்கொண்டு போகிறான். இரண்டு நாள் எல்லாரும் வெள்ளைச் சட்டையைத் தேடினார்கள். கடைசியில் தெருமுனையில் இன்னொரு கேமராவில், தெருவிளக்கடியில் கலரில் அதே ஆள். போட்டிருந்தது கறுப்புச் சட்டை. கறுப்புச் சாயம் ஏற்றிய பல துணிகள் அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும், படத்தில் வெளுப்பாகத் தெரியும். செடி கொடிகளும் அப்படித்தான். கேமரா முன்னால் நித்தியமல்லிக் கொடி ஓர் இலை நீட்டினால்கூட அது விளக்கு மாதிரி எரியும். ஐ.ஆர். படத்தை வைத்துப் போலீஸிடம் நிறம் சொல்லாதீர்கள். நடை, உயரம், கையில் என்ன வைத்திருந்தார் என்று சொல்லுங்கள்.

அப்புறம், பகல் முழுக்க ஒழுங்காக ஓடி, சாயங்காலம் ஏழு மணிக்குப் பட்டென்று அணைந்துபோகும் கேமரா. 'கேமரா போயிடுச்சு, மாத்துங்க' என்று கூப்பிடுவார்கள். பெரும்பாலும் கேமராவில் குற்றமில்லை. இருட்டியதும் ஐ.ஆர். விளக்கு எரிய வேண்டும், கேமரா இழுக்கும் மின்சாரம் சட்டென்று கூடும். நீளமான, மட்டமான வயரில் வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடும். 12 வோல்ட் அனுப்பினால் கேமராவுக்கு 9-தான் போய்ச் சேரும். அணையும், மறுபடி எரியும், மறுபடி அணையும். மல்டிமீட்டரை இருட்டியபின் கேமரா முனையில் வைத்துப் பாருங்கள், 11-க்குக் கீழே இருந்தால் நான் விடமாட்டேன்.

வயர் வாங்கும்போது நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. கொல்லை வரை 40, 50 மீட்டர் இழுக்கிற வீட்டில் முலாம் வயர் போடவே போடாதீர்கள். நெட்வொர்க் வயரில் படம் அனுப்பும் ஐ.பி. கேமராவுக்கு அந்த வயரிலேயே மின்சாரம் போகும் முறை இன்னும் நல்லது. 48 வோல்ட் அளவில் போவதால் இந்தத் தொல்லை இல்லை, 100 மீட்டர் வரை இழுக்கலாம். டி.வி.ஆருக்கும் கேமராக்களுக்கும் சேர்த்து இன்வெர்ட்டர் இணைப்புக் கொடுங்கள். கரண்ட் போன நேரம் பார்த்து வருகிறவர்களும் உண்டு.

ஒட்டடை. சிரிக்காதீர்கள், ராத்திரிப் படத்தைக் கெடுக்கும் பெரிய எதிரி அதுதான். கேமராவின் சூட்டுக்கும் விளக்குக்கும் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், பல்லியும் வரும். பகலில் கண்ணுக்கே தெரியாத ஒற்றை நூல், ராத்திரி ஐ.ஆரில் கயிறு மாதிரி வெள்ளையாக ஆடும். போனுக்கு ராத்திரி முழுக்க 'ஆள் நடமாட்டம்' என்று செய்தி வந்துகொண்டே இருக்கும். நாலு நாளில் வீட்டுக்காரர் அறிவிப்பையே அணைத்துவிடுவார். அதற்குப் பிறகு உண்மையான ஆள் வந்தாலும் தெரியாது. ஒட்டடைக்கம்பில் மெல்லிய துணி கட்டி, மாதம் ஒரு தடவை கேமராவைச் சுற்றித் துடையுங்கள். வயர் நுழையும் ஓட்டையைச் சிலிகான் வைத்து அடையுங்கள், எறும்பு போகாது. ஐப்பசி அடைமழைக்கு முன், வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் வயர் கீழே தொங்கி மேலேறுகிறதா என்று பாருங்கள். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே போகாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டியில் வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். வாங்கும்போது அரசின் பாதுகாப்புச் சோதனைச் சான்று உள்ள மாடலா என்று கேளுங்கள், 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் அது கட்டாயம். 2 மெகாபிக்ஸல் கேமரா 2 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு 2 மெகாபிட்) வேகத்தில் பதிந்தால் நாளுக்குச் சுமார் 22 ஜி.பி. ஆகும். நாலு கேமராவுக்கு 1 டி.பி. டிஸ்க் பதினோரு நாள் தாங்கும். வெளியூர் போகிற வீடு என்றால் 2 டி.பி. போடுங்கள். கடிகாரம் சரியாக இருக்கட்டும். நேரம் தப்பான படம் ஸ்டேஷனில் வம்பு. ஏதாவது நடந்துவிட்டால் டி.வி.ஆரை ரீசெட் செய்யாதீர்கள், பழைய ஃபைலை அப்படியே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, அந்தப் படம் கோர்ட்டுக்குப் போகச் சான்றிதழும் வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னலோ குளியலறைப் பக்கமோ படத்துக்குள் வந்தால், மெனுவில் அந்த இடத்தை மட்டும் மறைக்கும் வசதி இருக்கிறது. அவர்களைக் கூப்பிட்டு, மறைத்ததைக் காட்டிவிடுங்கள்.

கடைசி வேலை ராத்திரி நடை. பதினொரு மணிக்கு, வீட்டு விளக்கெல்லாம் வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படி வைத்துவிட்டு, ஒருவர் வெளியிலிருந்து வாருங்கள். ஒரு தடவை சாதாரணமாக, ஒரு தடவை வேகமாக, ஒரு தடவை தலையில் துண்டு போட்டுக்கொண்டு. டிவியில் அப்போது ஓடும் படத்தைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பதிந்ததை ஓட்டி, நிறுத்தி, முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில டி.வி.ஆர்.கள் நேரில் நன்றாகக் காட்டிவிட்டுக் குறைந்த தரத்தில் பதியும். பார்க்கிறவர் நடந்தவராக இருக்கக்கூடாது. தன் முகம் தனக்கு மங்கலாகத் தெரிந்தாலும் தெரிந்த மாதிரிதான் இருக்கும்.

ஆச்சி வீட்டில் அண்டா போன மறுவாரம் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். பின்கட்டுக் கேமராவைச் சுவரை விட்டுத் தள்ளி, தாழ்வாரத்து விளிம்பில், 8 அடியில், 4 மி.மீ. லென்ஸோடு கிணற்றடியைப் பார்க்க வைத்தேன். ராத்திரி பதினொன்றுக்குக் கொல்லை வழியாக நானே நடந்து வந்தேன். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். பதிந்ததை ஓட்டி, நிறுத்தி, ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இடது புருவத்துல என்ன தம்பி, தழும்பு? இத்தனை நாளா நான் பாக்கலையே."

அப்புறம்தான் ஏணியை வண்டியில் கட்டினேன்.